திறந்து கிடக்கிற போர்ட்டுகள்: உங்க கேள்விகள், என் பதில்கள்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல போர்ட் பத்திதான் இருக்கு. பென் டிரைவ் சொருகற போர்ட் இல்லங்க, நெட்வொர்க் போர்ட், 0ல ஆரம்பிச்சு 65535 வரைக்கும் நம்பர் போட்டு வச்சிருக்காங்களே அது. சிலர் பயந்துபோய் எழுதியிருக்கீங்க, சிலர் ஒண்ணும் ஆகாதுன்னு தைரியமா எழுதியிருக்கீங்க, உண்மையைச் சொன்னா தைரியமா எழுதினவங்களை நினைச்சாதான் எனக்குக் கவலையா இருக்கு. மத்த கேள்விகளை அடுத்த மாசம் பார்ப்போம்.

கேள்வி: சார், நான் ஸ்கூல் டீச்சர். வாட்ஸப்ல வந்த ஒரு மெசேஜைப் பார்த்து கமாண்ட் ப்ராம்ப்ட்ல நெட்ஸ்டாட் போட்டேன். வரிசையா இருபது முப்பது போர்ட் திறந்திருக்குன்னு வருது. அதுல 445னு ஒண்ணு இருக்கு, அது வழியாதான் வைரஸ் வரும்னு எங்கயோ படிச்சேன். என் லேப்டாப்பை யாராச்சும் ஹேக் பண்ணிட்டாங்களா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்ல மேடம், பயப்படாதீங்க, நீங்க பார்த்தது எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டர்லயும் இருக்கறதுதான். ஸ்டோர் வீடு பார்த்திருப்பீங்க, தெருவுக்கு ஒரே வாசல், உள்ள போனா வரிசையா பத்து போர்ஷன். ஐபி அட்ரஸ்ங்கறது அந்தத் தெரு வாசல், போர்ட் நம்பர்ங்கறது போர்ஷன் நம்பர். ஆள் குடியில்லாத போர்ஷன் கதவைத் தட்டினா யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. ஒரு போர்ட் திறந்திருக்குன்னா அந்த நம்பர்ல ஒரு ப்ரோகிராம் குடியிருந்துக்கிட்டு, யாராச்சும் கூப்பிடறாங்களான்னு காதைத் தீட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்குன்னு அர்த்தம், அதைத்தான் லிசனிங்னு போட்டுக் காட்டுது. அதனால நம்பரைப் பார்த்து பயப்படறதை விட்டுட்டு உள்ள குடியிருக்கறது யாரு, அவங்களைத் தேடி வெளியில இருந்து யாரெல்லாம் வர முடியும், இந்த ரெண்டையும் பாருங்க, அது தெரிஞ்சாலே பாதி பயம் போயிரும்.

பார்க்கறது எப்படின்னா, கமாண்ட் ப்ராம்ப்ட்டை ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்து திறந்துக்கோங்க. நெட்ஸ்டாட்னு அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஒரு மைனஸ் போட்டு, அதோட ஒட்டினாப்ல ஏ, பி, என், ஓ இந்த நாலு எழுத்தையும் அடிச்சு என்டர் தட்டுங்க. நீங்க சொன்ன வரி இப்படித்தான் இருக்கும்:

டிசிபி   0.0.0.0:445   0.0.0.0:0   லிசனிங்   4

445க்கு முன்னாடி இருக்கற 0.0.0.0ங்கறதுக்கு அர்த்தம், எந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டாலும் கேப்பேன்னு. அந்த இடத்துல 127.0.0.1னு இருந்தா அந்த ப்ரோகிராம் உங்க லேப்டாப்புக்குள்ள இருந்து கூப்பிட்டா மட்டும்தான் கேக்கும், வெளியாளுக்குக் கதவே கிடையாது, அந்த வரிகளை அப்படியே விட்டுடலாம். கடைசில இருக்கற 4 ப்ராசஸ் நம்பர். டாஸ்க் மேனேஜர்ல டீடெய்ல்ஸ் டேபுக்குப் போய் பிஐடி காலத்துல 4ஐத் தேடினா சிஸ்டம்னு இருக்கும், அதாவது விண்டோஸேதான். இந்த வரிக்குக் கீழ ஓனர்ஷிப் இன்ஃபர்மேஷன் எடுக்க முடியலைன்னு ஒரு இங்கிலீஷ் வரி வரும், அதைப் பார்த்து நிறைய பேர் பதறிப்போறாங்க. அது விண்டோஸோட உள் ப்ராசஸ்ங்கறதால பேர் காட்டலை, அவ்வளவுதான். 49664, 49665னு வரிசையா அஞ்சாறு வருமே, அதுவும் விண்டோஸ் தனக்குள்ள வச்சிருக்கறதுதான்.

இப்ப 445. அது ஃபைல் ஷேரிங்குக்கும் ப்ரிண்டர் ஷேரிங்குக்குமான போர்ட். நீங்க படிச்சது வான்னாக்ரைங்கற, ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கற வைரஸ் பத்தி இருக்கும். 2017 மே 12ஆம் தேதி இந்த 445 வழியாத்தான் அது ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து அடுத்த கம்ப்யூட்டருக்கு யாரும் எதையும் க்ளிக் பண்ணாமயே தாவிப் போச்சு, சுமார் 150 நாட்டுல ரெண்டு லட்சத்துக்கு மேல கம்ப்யூட்டர், பிரிட்டன்ல ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பற நிலைமை. ஆனா ஒண்ணைக் கவனிங்க, அந்த ஓட்டையை அடைக்கற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச் 14ஆம் தேதியே விட்டுருச்சு, கிட்டத்தட்ட ரெண்டு மாசம் முன்னாடி. 445 எல்லார் கம்ப்யூட்டர்லயும்தான் திறந்திருந்துச்சு, அடிபட்டது அப்டேட் போடாம வச்சிருந்தவங்க.

உங்க லேப்டாப்புக்கு இதைப் பண்ணுங்க. செட்டிங்ஸ்ல நெட்வொர்க் பக்கம் போய் நீங்க கனெக்ட் ஆகியிருக்கற வைஃபை பப்ளிக்னு இருக்கா ப்ரைவேட்னு இருக்கான்னு பாருங்க, ஸ்கூல் வைஃபை, ரயில்வே ஸ்டேஷன் வைஃபை எல்லாத்துக்கும் பப்ளிக்தான் இருக்கணும், அப்ப ஃபயர்வால் 445ஐத் தேடி வெளியில இருந்து வர்றதை வாசல்லயே நிறுத்திரும். அப்புறம் ரிசோர்ஸ் மானிட்டர்னு தேடித் திறந்து நெட்வொர்க் டேப்ல லிசனிங் போர்ட்ஸ்ங்கறதை விரிச்சா ஒவ்வொரு போர்ட் பக்கத்துலயும் ஃபயர்வால் ஸ்டேட்டஸ்னு ஒரு காலம் இருக்கும், நாட் அலவ்டுனு இருந்தா வெளியாள் உள்ள வர முடியாது. நெட்ஸ்டாட்டை விட டீச்சர்களுக்கு நான் சிபாரிசு பண்றது இதைத்தான், ஏன்னா குடியிருக்கறது யாருன்னும் காட்டுது, வாசல்ல காவல் இருக்கான்னும் காட்டுது.

கேள்வி: அண்ணா, எங்களுது சின்ன பனியன் கம்பெனி. டேலி ஓடற கம்ப்யூட்டரை வீட்டுல இருந்து பார்க்கறதுக்கு சிஸ்டம் சர்வீஸ் பண்ற ஆள் வந்து ரவுட்டர்ல 3389 போர்ட்டைத் திறந்து வச்சுட்டுப் போனாரு. ஆடிட்டரும் அதுல வந்துதான் ஜிஎஸ்டி பார்ப்பாரு. இப்ப ஒரு வாரமா லாகின் பண்ணா அக்கவுண்ட் லாக் ஆயிருச்சுன்னு வருது, அரை மணி கழிச்சு தானா சரியாயிருது. போர்ட் நம்பரை 3390னு மாத்திட்டா போதும்ங்கறாங்க, போதுமா?
வாசகர், திருப்பூர்

பதில்: போதாது. 3389ங்கறது ரிமோட் டெஸ்க்டாப், அதாவது தூரத்துல இருந்து அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து வேலை பார்க்கறதுக்கான போர்ட். இதைப் படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போய் ரவுட்டர்ல அந்த போர்ட் ஃபார்வார்டிங்கை எடுத்துட்டு வாங்க, மிச்சத்தை அப்புறம் பேசுவோம். ப்ரவுசர்ல 192.168.1.1 இல்லைன்னா 192.168.0.1 அடிச்சா ரவுட்டர் பேஜ் வரும், உள்ள போர்ட் ஃபார்வார்டிங்னோ வர்ச்சுவல் சர்வர்னோ இருக்கும், 3389னு இருக்கற வரியை டெலிட் பண்ணுங்க. அதே பேஜ்ல யுபிஎன்பினு ஒண்ணு இருக்கும், அதையும் ஆஃப் பண்ணுங்க, அது இருந்தா உள்ள இருக்கற எந்த ப்ரோகிராம் வேணும்னாலும் உங்களைக் கேக்காமயே ரவுட்டர்ல போர்ட் திறந்துக்கும்.

உங்க அக்கவுண்ட் லாக் ஆகறதுக்குக் காரணம், வெளியில எவனோ விடாம பாஸ்வேர்ட் போட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கான். ஈவென்ட் வ்யூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸ்க்குள்ள செக்யூரிட்டி போய், 4625ங்கற நம்பரை ஃபில்டர் போடுங்க, அது தப்பான லாகின் முயற்சிக்கான நம்பர். நீங்க எதிர்பார்க்கறதை விட ரொம்ப அதிகமா இருக்கும்னு நினைக்கறேன். அப்புறம் 4624 போடுங்க, அது சரியா உள்ள நுழைஞ்ச லாகின். அதுல நீங்களும் ஆடிட்டரும் வராத நேரத்துல, ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கு, லாகின் டைப் 10னு போட்டு தெரியாத ஐபில இருந்து ஒரே ஒரு வரி இருந்தாக்கூட நெட் கேபிளைப் பிடுங்கிட்டு நல்லா தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க.

இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் நான் கண்ணால பார்த்த ஒரு கம்பெனி. உங்க மாதிரியே ஜாப் வொர்க் பண்ற இடம், இதே 3389, இதே டேலி. ஒரு திங்கட்கிழமை காலைல கம்ப்யூட்டரைப் போட்டா எல்லா ஃபைல் பேரும் மாறிக் கிடக்கு, டெஸ்க்டாப்ல ஒரு நோட்பேட் ஃபைல், பணம் கட்டச் சொல்லி. நான் போய் ஈவென்ட் லாக் எடுத்துப் பார்த்தேன். அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டேலி, அக்கவுண்ட்ஸ், யூசர்1னு ஒவ்வொரு பேரா மாத்தி மாத்தி 4625 வரிசை, ஒரு நிமிஷத்துக்கு பத்து பன்னெண்டு, நாள் கணக்கா. ஞாயித்துக்கிழமை விடிகாலைல அந்த வரிசை டக்குனு நின்னுருக்கு, நின்ன இடத்துல ஒரு 4624. அக்கவுண்ட்ஸ்ங்கற யூசருக்கு பாஸ்வேர்ட், கம்பெனி பேரோட 123 சேர்த்தது. பேக்கப் இருந்துச்சு, ஆனா அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்பவும் சொருகியே வச்சிருந்தாங்க, அதுவும் சேர்ந்து போச்சு. நாலு வருஷக் கணக்கு. அந்த ஓனர் பேச்சில்லாம டிஸ்க்கைக் கையில வச்சுக்கிட்டே நின்னாரு, அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கலை.

3390க்கு மாத்தினா என்ன ஆகும்னா, 3389ஐ மட்டும் தட்டிட்டுப் போறவன் ரெண்டு நாள் வரமாட்டான், அவ்வளவுதான். 2013லயே மிஷிகன் யுனிவர்சிட்டில ஸிமேப்னு ஒரு டூல் எழுதினாங்க, ஒரே ஒரு கம்ப்யூட்டரை வச்சு உலகத்துல இருக்கற எல்லா ஐபிவி4 அட்ரஸ்லயும் ஒரு போர்ட்டைத் தட்டிப் பார்த்துட்டு வர்றதுக்கு 45 நிமிஷத்துக்குள்ளதான் ஆச்சு. ஆராய்ச்சிக்காக எழுதினது, ஆனா அந்த வேகம் எல்லார் கைக்கும் வந்தாச்சு. நாங்க சின்ன கம்பெனி எங்களை யார் தேடி வரப்போறாங்கன்னு கேக்காதீங்க, உங்களை யாரும் தேடலை, எல்லார் கதவையும் தட்டிக்கிட்டே போறாங்க, திறந்த கதவு உங்களுது.

சரி, வீட்டுல இருந்து டேலி பார்க்கறது எப்படி? விபிஎன் போடுங்க, அதாவது உங்க ஆட்களுக்கு மட்டுமான பூட்டின தனி வழி. வயர்கார்ட்ங்கற விபிஎன் போடலாம், அது 51820ங்கற யுடிபி போர்ட்ல இருக்கும், சரியான சாவி இல்லாதவன் தட்டினா பதிலே சொல்லாது, அங்க ஒருத்தர் இருக்கறதே தெரியாது. அதை செட் பண்ண ஆள் இல்லைன்னா டெயில்ஸ்கேல் மாதிரி ஒண்ணை ஆஃபீஸ் கம்ப்யூட்டர்லயும் உங்க லேப்டாப்லயும் ஆடிட்டர் லேப்டாப்லயும் போட்டு விடுங்க, ரவுட்டர்ல ஒரு போர்ட்டும் திறக்க வேண்டியதில்ல. அப்புறம் ஆஃபீஸ் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் ஃபயர்வால் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய், இன்பவுண்ட் ரூல்ஸ்ல ரிமோட் டெஸ்க்டாப் ரூல் ஒவ்வொண்ணையும் திறந்து ஸ்கோப் டேப்ல ரிமோட் ஐபி அட்ரஸ்ங்கற இடத்துல விபிஎன் ரேஞ்சை மட்டும் போடுங்க, டெயில்ஸ்கேல்னா 100.64.0.0/10. இப்ப 3389 திறந்துதான் இருக்கும், ஆனா உங்க மூணு பேருக்கு மட்டும்.

ஆடிட்டருக்குத் தனி யூசர், அட்மின் உரிமை இல்லாம. ரிமோட் டெஸ்க்டாப் செட்டிங்ஸ்ல நெட்வொர்க் லெவல் ஆத்தன்டிகேஷன் டிக் இருக்கணும், அப்பதான் ஸ்க்ரீன் திறக்கறதுக்கு முன்னாடியே பாஸ்வேர்ட் கேக்கும். பேக்கப் டிஸ்க் ரெண்டு வாங்கி மாத்தி மாத்தி எடுங்க, எடுத்ததும் கழட்டி பீரோவுல வைங்க. அந்த கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 7ஆ இருந்தா உடனே மாத்துங்க, 2019 மேல ப்ளூகீப்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, அப்டேட் போடாத விண்டோஸ் 7ல 3389 திறந்திருந்தா பாஸ்வேர்டே இல்லாம உள்ள வரலாம்.

எல்லாம் முடிச்சதும் வெளியில இருந்து ஒரு தடவை தட்டிப் பாருங்க. லேப்டாப்பை ஆஃபீஸ் வைஃபைல இருந்து கழட்டி மொபைல் ஹாட்ஸ்பாட்ல போட்டு, விபிஎன்னை ஆஃப் பண்ணிட்டு, பவர்ஷெல்ல டெஸ்ட் நெட்கனெக்‌ஷன் கமாண்டோட ஆஃபீஸ் ஐபியையும் போர்ட் 3389ஐயும் கொடுங்க. டிசிபி டெஸ்ட் சக்சீடட்ங்கற வரியில ஃபால்ஸ்னு வரணும். அது வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்க, நிம்மதியா இருப்பேன்.

கேள்வி: அண்ணா, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ஸாம்ப் போட்டேன். அதுல இருக்கற அப்பாச்சி வெப் சர்வர் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது, போர்ட் 80 பிஐடி 4 கிட்ட இருக்குன்னு சிவப்புல வருது. டாஸ்க் மேனேஜர்ல 4ஐ எண்ட் டாஸ்க் கொடுத்தா முடியாதுங்குது. அடுத்த வாரம் ரிவ்யூ.
வாசகர், திருநெல்வேலி

பதில்: தம்பி, அந்த 4ஐத் தொடாதீங்க, மேல டீச்சருக்குச் சொன்னேனே, அது விண்டோஸேதான். பெரும்பாலும் வேர்ல்டு வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ்னு ஒண்ணு, ஐஐஎஸ்ங்கற மைக்ரோசாஃப்ட் வெப் சர்வரைப் போட்டப்ப கூட வந்தது, அது 80ல குடியேறியிருக்கும். சர்வீசஸ்ல போய் அதை ஸ்டாப் பண்ணி ஸ்டார்ட்அப் டைப்பை மேனுவல்னு மாத்துங்க. ஒரு போர்ஷன்ல ஒரு குடும்பம்தான், ஒரே ஐபில ஒரே போர்ட்ல ரெண்டு சர்வர் உக்கார முடியாது.

இன்னும் நல்ல வழி, அப்பாச்சியையே 8080க்கு மாத்திருங்க. அப்பாச்சி பக்கத்துல கான்ஃபிக் பட்டனை அழுத்தினா ஒரு லிஸ்ட் வரும், அதுல ஹெச்டிடிபிடி கான்ஃப்ங்கற மெயின் ஃபைலைத் திறந்து லிசன் 80னு இருக்கற இடத்துல லிசன் 127.0.0.1:8080னு போடுங்க, கீழ லோக்கல்ஹோஸ்ட்:80னு இருக்கறதையும் 8080 ஆக்குங்க. அந்த 127.0.0.1ஐ விட்டுடாதீங்க, அது இல்லைன்னா ஹாஸ்டல் வைஃபைல இருக்கற அத்தனை பேரும் உங்க ப்ராஜெக்ட்டைத் திறந்து பார்க்க வாய்ப்பு இருக்கு. ஸாம்ப்ல மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோட ரூட் யூசருக்கு பாஸ்வேர்ட் காலியாத்தான் வரும், அதுக்கும் ஒரு பாஸ்வேர்ட் போட்டு, 3306 போர்ட்டையும் பைண்ட் அட்ரஸ் வரியில 127.0.0.1ல கட்டி வைங்க. இதை ரிவ்யூல நீங்களே எடுத்துச் சொல்லுங்க.

கேள்வி: நெட்ல போர்ட் செக் பண்ணினேன், சிலது க்ளோஸ்டுனும் சிலது ஸ்டெல்த்துனும் வருது. எது நல்லது?
வாசகர், வேலூர்

பதில்: ரெண்டும் நல்லதுதான். க்ளோஸ்டுனா தட்டினவனுக்கு இங்க யாரும் இல்லன்னு பதில் போகுது, ஸ்டெல்த்னா பதிலே போகலை, ஃபயர்வால் கப்சிப்னு இருக்கு. ஓப்பன்னு வந்தா மட்டும் என்னன்னு பாருங்க. இன்னொண்ணு, இந்த மாதிரி சைட் தட்டிப் பார்க்கறது உங்க ரவுட்டரைத்தான், உள்ள இருக்கற கம்ப்யூட்டரை இல்ல, அதனால வெளியில எல்லாம் மூடியிருக்குன்னு வந்ததை வச்சு உள்ள ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடாதீங்க.

கேள்வி: கடைல கேமரா போட்ட பையன் ரவுட்டர்ல டிஎம்இசட்னு ஒண்ணுல டிவிஆர் ஐபியைப் போட்டு வச்சிருக்கான். ஃபோன்ல கடை நல்லாத் தெரியுது. என் மருமகன் வந்து பார்த்துட்டு இது ஆபத்துங்கறாரு. அப்படியா சார்?
வாசகர், மதுரை

பதில்: மருமகன் சொன்னது நூத்துக்கு நூறு சரிங்கய்யா. டிஎம்இசட்ல போட்டா ஒரு போர்ட் ரெண்டு போர்ட் இல்ல, வேற எதுக்கும் ஒதுக்காத அத்தனை போர்ட்டும் அந்த டிவிஆர் பக்கம் திரும்பிரும். டிவிஆரும் ஒரு கம்ப்யூட்டர்தான், உள்ள லினக்ஸ் ஓடுது, கேமரா வீடியோவுக்கு 554, ஆப்புக்கு ஒரு போர்ட், வெப் பேஜுக்கு 80, பழைய மாடல்ல 23ங்கற டெல்நெட்டும் திறந்தே இருக்கும்.

2016ல மிராய்னு ஒரு வைரஸ் வந்துச்சு. அது பண்ணினது ரொம்ப சாதாரண வேலை, 23லயும் 2323லயும் தட்டும், அட்மின் அட்மின், ரூட் 12345 இந்த மாதிரி கம்பெனியில வச்சு அனுப்பற பாஸ்வேர்ட் ஒரு 60 ஜோடியை வரிசையாப் போட்டுப் பார்க்கும், திறந்துச்சுன்னா உள்ள உக்காந்துக்கும். அப்படி மாட்டினது பெரும்பாலும் கேமராவும் டிவிஆரும் ரவுட்டரும்தான். அந்த வருஷம் அக்டோபர் 21ஆம் தேதி அதெல்லாம் சேர்ந்து டைன்ங்கற டிஎன்எஸ் கம்பெனியை, அதாவது சைட் பேரைச் சொன்னா அதோட ஐபியை எடுத்துக் கொடுக்கற கம்பெனியை, அடிச்சதுல அமெரிக்காவுல ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ரெட்டிட் எல்லாம் மணிக்கணக்குல திறக்கலை. அடிக்கப் போன கேமராக்களோட சொந்தக்காரங்க ஒருத்தருக்கும் தெரியாது, அவங்க ஃபோன்லயும் கடை நல்லாத்தான் தெரிஞ்சிருக்கும்.

டிஎம்இசட்டை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. இப்ப வர்ற டிவிஆர் பெரும்பாலானதுல க்யூஆர் கோட் ஸ்கேன் பண்ணி ஆப்ல சேர்க்கற வசதி இருக்கு, அதுக்கு ரவுட்டர்ல போர்ட் திறக்க வேண்டாம். டிவிஆர் பாஸ்வேர்டை மருமகனை விட்டு மாத்துங்க, கேமரா போட்ட பையனுக்கும் சொல்ல வேண்டாம், சர்வீஸுக்கு வந்தா நீங்களே அடிச்சுக் கொடுங்க.

கேள்வி: ஆஃபீஸ் ப்ரிண்டருக்கும் போர்ட் இருக்கா? அதையும் மூடணுமா?
வாசகி, சிவகாசி

பதில்: இருக்கு மேடம், 9100. அதுல என்ன அனுப்பினாலும் பாஸ்வேர்ட் கேக்காம ப்ரிண்ட் போட்டுரும். 2018 கடைசில ஒருத்தர் இப்படி நெட்ல திறந்து கிடந்த 50,000 ப்ரிண்டருக்கு ஒரு யூட்யூபரை சப்ஸ்க்ரைப் பண்ணுங்கன்னு பேப்பர் அடிச்சு அனுப்பினேன்னு சொன்னாரு, உலகம் பூரா ஆஃபீஸ்ல அந்தப் பேப்பர் வந்து விழுந்துச்சு. ஆஃபீஸுக்குள்ள 9100 திறந்திருக்கட்டும், அப்பதான் ப்ரிண்ட் வரும். ரவுட்டர்ல அதை வெளிய விட்டிருந்தா மட்டும் எடுத்துருங்க.

கேள்வி: ஜி, க்ளவுட்ல ஒரு உபுண்டு லினக்ஸ் சர்வர் எடுத்து யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை ஆன் பண்ணி 22, 80, 443 மட்டும் விட்டேன். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் டாக்கர்ல ஓடுது. வீட்டுல இருந்து எதேச்சையா 5432 போட்டா கனெக்ட் ஆகுது! யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்ல அந்த போர்ட்டே இல்ல. எப்படி?
வாசகர், சென்னை

பதில்: எதேச்சையா போட்டுப் பார்த்தீங்க பாருங்க, அதுக்கே உங்களைப் பாராட்டணும். டாக்கர்ங்கறது ப்ரோகிராமைக் கண்டெய்னர்ங்கற தனிப் பெட்டியில வச்சு ஓட்டற டூல். அது ஒரு போர்ட்டைப் பப்ளிஷ் பண்ணும்போது, லினக்ஸோட ஃபயர்வால் ரூல் இருக்கற ஐபிடேபிள்ஸ்ல நேரா தன்னோட ரூலை எழுதிரும், வர்ற பாக்கெட் யுஎஃப்டபிள்யூ காவல் காக்கற வாசலுக்கு வராமயே வேற வழியா கண்டெய்னருக்குப் போயிரும். யுஎஃப்டபிள்யூ பொய் சொல்லலை, அது காக்கற வாசல் மூடித்தான் இருக்கு. எத்தனையோ நல்ல டெவலப்பர்ஸ் இதுல மாட்டியிருக்காங்க.

கம்போஸ் ஃபைல்ல போர்ட்ஸ்க்குக் கீழ 5432:5432னு இருக்கும், அதை 127.0.0.1:5432:5432னு மாத்தி கண்டெய்னரைத் திரும்ப ஏத்துங்க. ஆப்பும் அதே கம்போஸ்ல இருந்தா அந்த வரியே வேண்டாம், எடுத்துருங்க, கண்டெய்னருக்குள்ள பேர் சொல்லியே கூப்பிட்டுக்கும். அப்புறம் சர்வர்ல எஸ்எஸ் கமாண்டை டி, யு, எல், பி, என் சேர்த்துப் போட்டுப் பார்த்தா 5432 பக்கத்துல 0.0.0.0 போய் 127.0.0.1 வந்திருக்கணும், இல்லைன்னா அந்த வரியே இருக்கக் கூடாது. க்ளவுட் கம்பெனி பேனல்ல தனியா ஒரு ஃபயர்வால் இருக்கும், அதுலயும் அந்த மூணு போர்ட்டை மட்டும் விடுங்க, அது சர்வருக்கு வெளிய நிக்கறதால டாக்கரால அதைத் தாண்ட முடியாது.

டேட்டாபேஸ் போர்ட் வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னு 2017 ஜனவரில மாங்கோடிபி ஆட்களுக்குத் தெரிஞ்சது, 27017ல பாஸ்வேர்ட் இல்லாம கிடந்த ஆயிரக்கணக்கான டேட்டாபேஸை அழிச்சுட்டு, பிட்காயின் கட்டுன்னு ஒரு மெசேஜை மட்டும் வச்சுட்டுப் போனாங்க. கட்டினவங்கள்ல பல பேருக்கு டேட்டா திரும்பி வரலை. உங்க போஸ்ட்கிரஸ் பாஸ்வேர்டையும் இன்னிக்கே மாத்துங்க, லாகையும் ஒரு தடவை முழுசாப் பாருங்க.

கேள்வி: சார், என் பையன் எட்டாவது படிக்கறான். ஃப்ரெண்ட்ஸோட விளையாட மைன்கிராஃப்ட் சர்வர் வைக்கணும், ரவுட்டர்ல 25565 போர்ட் திறந்து கொடுங்கன்னு தினமும் கேக்கறான். விடலாமா? எனக்கு இதெல்லாம் புரியாது.
வாசகி, கோயமுத்தூர்

பதில்: எட்டாவதுல சொந்தமா சர்வர் வைக்கணும்னு கேக்கற பையன், கண்டிப்பா விடுங்கம்மா, ஆனா கூட நின்னு விடுங்க. நீங்க வேலை பார்க்கற, பேங்க் பார்க்கற கம்ப்யூட்டர்ல வேண்டாம், பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்தா அதுல வைக்கட்டும். வொயிட்லிஸ்ட் ஆன் பண்ணி ஃப்ரெண்ட்ஸ் பேரை மட்டும் சேர்க்கச் சொல்லுங்க, ஆன்லைன் மோட் ட்ரூனு இருக்கணும், விளையாடி முடிச்சதும் சர்வரை நிறுத்திட்டு ரவுட்டர்ல அந்த வரியை டிசேபிள் பண்ணணும். சர்வர் வெர்ஷன் புதுசா இருக்கணும், இது ரொம்ப முக்கியம். 2021 டிசம்பர்ல லாக்4ஷெல்னு உலகத்தையே உலுக்கின ஓட்டை வந்துச்சே, அது முதல்ல வெளிய தெரிஞ்ச இடங்கள்ல மைன்கிராஃப்ட்டும் ஒண்ணு, சாட்ல ஒரு வரி டைப் பண்ணினாலே சர்வரைப் பிடிச்சுரலாம்னு இருந்துச்சு, அதை 1.18.1ல சரி பண்ணாங்க.

போர்ட் திறந்தும் ஃப்ரெண்ட்ஸால வர முடியலைன்னு அவன் வந்து நின்னா, ரவுட்டர் பேஜ்ல வேன் ஐபின்னு இருக்கறதைப் பாருங்க. 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா உங்க நெட் கம்பெனி ஒரே ஐபியைப் பல வீட்டுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்குன்னு அர்த்தம், உங்க ரவுட்டர்ல திறந்து பிரயோஜனம் இல்ல, திருப்பூர் வாசகருக்குச் சொன்ன டெயில்ஸ்கேலை ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் போட்டுக்கிட்டு விளையாடலாம்.

அவன் சர்வரை ஓட விட்டதும் பக்கத்துல உக்காந்து, மேல சொன்ன நெட்ஸ்டாட் கமாண்டை அவனையே அடிக்கச் சொல்லுங்க. 25565ங்கற வரிக்குக் கீழ ஜாவான்னு ஒரு பேர் வரும். சர்வரை நிறுத்திட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்க, அந்த வரி இருக்காது.